சேலத்தில் கண்ட்ரோல் லைன் விமானம்: போட்டிக்குப் போகிற முதல் விமானத்தைக் கட்டுவது எப்படி

கண்ட்ரோல் லைனில் ரிமோட் கிடையாது. கையில் ஒரு கைப்பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள், அந்த முனையில் விமானம். நீங்கள் நடுவில் நின்று சுழல, விமானம் உங்களைச் சுற்றி இடஞ்சுழியாகப் பறக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், மற்றது விடும், இறக்கைக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்ற சிறு நெம்புகோல் திரும்பும், வாலில் எலிவேட்டர் என்ற அசையும் பலகை ஏறும் அல்லது இறங்கும். இருக்கிற கண்ட்ரோலே அது ஒன்றுதான். அமெரிக்காவில் ஜிம் வாக்கர் 1940 வாக்கில் ஃபயர்பால் என்ற விமானத்தோடு இதைப் பரவலாக்கினார். 1950களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்த நோப்ளர், சாகசப் பறப்புக்கு என்ன மாதிரி இறக்கை வேண்டும் என்று காட்டிவிட்டது. இன்று உலகப் போட்டியில் இந்தப் பிரிவுக்குப் பெயர் எஃப்2பி. நம்ம ஊரில் என்சிசி விமானப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கண்ட்ரோல் லைன் பழக்கமாக இருக்கும், வாயு சைனிக் முகாம் போட்டியில் அது உண்டு.

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு போட்டிக்குப் போகிற அளவுக்கு ஒரு விமானம் கட்ட முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பளபளப்புக்குச் செலவழிக்கிற நேரத்தை மட்டம் பார்ப்பதற்கும் தராசுக்கும் கொடுங்கள். இறக்கை முறுக்கில்லாமல், எடை குறைவாக, கண்ட்ரோல் தடையில்லாமல் இருந்தால் பழைய பேப்பர் ஒட்டிய விமானம்கூட சதுர லூப்பை, அதாவது நாலு மூலை வைத்த குட்டிக்கரணத்தை, சதுரமாகப் போடும். முறுக்கிக்கொண்ட இறக்கையில் எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அது சரியாகாது.

இன்ஜினா, மோட்டாரா

பழைய ஆட்கள் குளோ இன்ஜின் என்பார்கள். அந்தச் சத்தமும் விளக்கெண்ணெய் வாசனையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் குளோ எரிபொருளில் முக்கால்வாசி மெத்தனால்தான். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க, வைத்திருக்க, எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் பக்கத்து கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அத்தனை பேர் செத்து, பலரை சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் ஒரு கெமிக்கல் கடையில் போய் ‘அஞ்சு லிட்டர் மெத்தனால் குடுங்கண்ணா’ என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். அவர்கள் பார்ப்பதில் தப்பும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் எரிபொருளில் சேரும் மற்றொரு பொருளான ஆமணக்கெண்ணெய்க்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை, ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

ஆகவே எலக்ட்ரிக். புதிதாக வருபவர்களுக்கு அதுதான் லாபமும்கூட. ஒவ்வொரு முறையும் ஒரே வேகம், கையில் எண்ணெய் இல்லை, இன்ஜின் பாதியில் நின்று விமானம் தலைகீழாகத் தரையில் விழுவதும் இல்லை. 4 செல் லைப்போ பேட்டரி, 2200 முதல் 2500 எம்ஏஎச். 140 கிராம் அளவில் ஒரு பிரஷ்லெஸ் மோட்டார். 50 அல்லது 60 ஆம்பியர் ஸ்பீடு கண்ட்ரோலர், அதில் கவர்னர் மோடு கட்டாயம் வேண்டும். அதாவது விமானம் மேலே ஏறினாலும் கீழே பாய்ந்தாலும் சுழற்சியை ஒரே அளவில் பிடித்து வைக்கும் வசதி. அப்புறம் ஒரு டைமர்: பொத்தானை அழுத்தினால் சில விநாடி கழித்து மோட்டாரை ஓட்டி, நாம் வைத்த நேரத்தில் நிறுத்தும். 11 அங்குல விட்டம், 5.5 அங்குல பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 10,000 சுற்று அளவில் ஓட்டினால் நமக்கு வேண்டிய வேகம் வந்துவிடும்.

எவ்வளவு பெரிசு

முதல் விமானத்துக்கு இறக்கை நீளம் 120 செ.மீ., அகலம் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் பட்டை) சேர்த்து 27 செ.மீ. நுனி வரை ஒரே அகலமாக வைத்துக்கொள்ளுங்கள், கூம்பும் இறக்கை அழகுதான், ஆனால் ஒவ்வொரு ரிப்பும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) ஒவ்வொரு அளவில் வெட்ட வேண்டும், அடுத்த விமானத்தில் பார்த்துக்கொள்ளலாம். உடல் ஒற்றைப் பலகை, 12 மி.மீ. பால்சா என்ற மிக லேசான மரம். பெட்டி மாதிரி உடல் கட்டுவது வேலை அதிகம், விழுந்தால் ஒட்டுவதும் கஷ்டம்.

மொத்த எடை 1150 கிராமைத் தாண்டக்கூடாது. இதைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். மூடாத இறக்கை 300, உடலும் வாலும் 200, பேட்டரி 250, மோட்டார் 140, கண்ட்ரோலரும் டைமரும் வயரும் 60, சக்கரமும் கம்பியும் 60, பெல்கிராங்க் சமாச்சாரங்கள் 50, மேல்மூடல் 60. கூட்டினால் 1120 வரும். மிச்சம் 30 கிராம் வெளி இறக்கை, அதாவது உங்களுக்கு அப்பால் இருக்கிற இறக்கை, நுனியில் வைக்கிற ஈயத்துக்கு. பசைக்கென்று தனியாகக் கணக்கு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

சாமான்

பால்சா நம்ம ஊர் மரக்கடையில் கிடைக்காது, தபாலில்தான் வரவழைக்க வேண்டும். ஏற்காடு காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் பலகையைப் பார்த்து யாராவது ‘இதுவும் லேசான மரம்தானே’ என்று சொன்னால் கேட்காதீர்கள், அது பால்சாவைப்போல நான்கு மடங்குக்கு மேல் கனம். பால்சாவிலேயே கனத்தது, லேசானது இரண்டும் ஒரே கட்டில் வரும். வந்ததும் ஒவ்வொரு தகட்டையும் எடைபோட்டு, எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதுங்கள். 7.5 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம், 1.5 மி.மீ. கனம் உள்ள தகடு 12 முதல் 14 கிராம் இருந்தால் இறக்கைக்கு. 18க்கு மேல் போனால் ஸ்பாருக்கும் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் தாங்கு கட்டை) உடல் மூக்குக்கும் ஒதுக்குங்கள், வாலுக்கு மட்டும் போடவே போடாதீர்கள். வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் பதில் எடை சேர்க்க வேண்டியிருக்கும்.

மற்றதெல்லாம் சேலத்திலேயே முடியும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குக் கருவி விற்கிற கடைகள் இருக்கின்றன. நம் வேலைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மெல்லிய மூக்குக் குறடு, ஊசி அரம், பல் பொடிசான ரம்பக்கத்தி, கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஹார்ட்வேர் கடையில் அரல்டைட், ஃபெவி க்விக், ஃபெவிகால், 3 மி.மீ. நல்ல பிளைவுட், பெயிண்ட் கடையில் என்.சி. சாண்டிங் சீலர், தின்னர், பல நம்பர்களில் உப்புத்தாள். ஸ்பிரிங் செய்கிறவர்களிடம் 2.5 மி.மீ., 3 மி.மீ. ஸ்பிரிங் கம்பி கேளுங்கள். புஷ்ராடுக்கும் (கண்ட்ரோல் அசைவைக் கடத்துகிற கம்பி) சக்கரக் காலுக்கும் அதுதான், கட்டுக்கம்பி வளைந்துவிடும்.

கட்டுவதற்கு ஒரு மேசை வேண்டும், அந்த மேசை மட்டமாக இருக்க வேண்டும், வீட்டில் இருக்கிற எந்த மேசையும் மட்டமாக இருக்காது. கிரானைட் கடையில் துண்டு விழுந்த பலகை ஒன்று, ஒன்றரை மீட்டர் நீளத்தில் சல்லிசாகத் தருவார்கள். அதை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, குண்டூசி இறங்குவதற்கு மேலே ஒரு சாஃப்ட் போர்டு போட்டுக்கொள்ளுங்கள். தூக்கி வருவதற்கு ஆள் பிடிப்பதுதான் சிரமம்.

இறக்கை

இந்த விமானம் தலைகீழாகவும் அதே மாதிரிப் பறக்க வேண்டும், அதனால் ரிப் மேலும் கீழும் ஒரே வளைவு. கனம் அகலத்தில் 18 சதவீதம், அதாவது சுமார் 5 செ.மீ. பார்க்கக் கொழுத்துத் தெரியும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். முன் விளிம்பு நன்றாக உருண்டையாக இருக்கட்டும். கூராக ராவிவிட்டால் சதுர லூப்பின் மூலையில் காற்று பிரிந்து விமானம் தடுமாறும்.

பிளைவுட்டில் ஒரே அளவில் இரண்டு அச்சு வெட்டி, நடுவில் 2.5 மி.மீ. பால்சாத் துண்டுகளை அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கி, மொத்தமாக ராவினால் 17 ரிப்பும் ஒரே மாதிரி வரும். ஸ்பார் பள்ளத்தையும் அப்போதே போட்டுவிடுங்கள். 7.5 செ.மீ. இடைவெளியில் ரிப்களை நிறுத்தி, மேலும் கீழும் ஸ்பார், முன்பக்கம் 1.5 மி.மீ. தகடு சுற்றி மூடுங்கள். ரிப்புக்கு ஃபெவிகால் போதும், அவசரமாக எங்கும் ஃபெவி க்விக் ஊற்ற வேண்டாம், அது கெட்டியானால் உப்புத்தாள் போடும்போது பால்சா தேய்ந்து பசை மட்டும் மேடாக நிற்கும்.

உள் இறக்கை, அதாவது உங்கள் பக்கம் இருக்கிற இடது இறக்கை, 61 செ.மீ., வெளி இறக்கை 59. வட்டத்தில் வெளிப்பக்கம் கொஞ்சம் வேகமாகப் போகிறது, அது கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும். இந்த 2 செ.மீ. அதைச் சமன் செய்வதற்கு.

தகடு ஒட்டும் நாளில்தான் இறக்கை முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் ஒட்டி, காய்வதற்குள் தூக்கிப் பார்க்க ஆசை வரும், தொடாதீர்கள். மேலும் கீழும் ஒரே நாளில் ஒட்டி, எடை வைத்து, மறுநாள்தான் எடுக்க வேண்டும். பிறகு ஒரு நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், முன் விளிம்பும் பின் விளிம்பும் எல்லா ரிப்பிலும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தச்சர்கள் சொல்கிற அரை நூல் வித்தியாசம்கூடக் காற்றில் தெரியும். கோணல் தெரிந்தால் இப்போதே வெட்டி ஒட்டுங்கள், மூடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது.

பெல்கிராங்க், ஃபிளாப், எலிவேட்டர்

விமானத்தில் மிக முக்கியமான இடம் இதுதான், மூடிய பிறகு கண்ணில் படாத இடமும் இதுதான். பெல்கிராங்க் 10 செ.மீ. அளவு எடுங்கள், 7.5 செ.மீ. மலிவாகக் கிடைக்கும், ஆனால் பெரியது கைக்கு மென்மையாக இருக்கும். அதைத் தாங்குகிற பிளைவுட்டை ஸ்பார்களுக்கு நடுவில் அரல்டைட் போட்டு, இரண்டு பக்கமும் ரிப்பில் கோர்த்து ஒட்டுங்கள்.

எவ்வளவு இழுவை வரும் என்று ஒரு கணக்கு. கைப்பிடியிலிருந்து விமானத்தின் நடு வரை 18.5 மீட்டர், ஒரு சுற்று 116 மீட்டர், அதை 5.3 விநாடியில் முடிக்கிறது, மணிக்கு 79 கி.மீ. வேகம். 1150 கிராம் விமானம் அப்போது உங்கள் கையை மூன்று கிலோ எடையால் இழுக்கும். போட்டியில் பறக்கும் முன் விமானத்தின் எடையைப்போலப் பத்து மடங்கு இழுத்துச் சோதிப்பார்கள், நமக்கு 11.5 கிலோ. அந்த இழுவையில் பெல்கிராங்க் பிய்த்துக்கொண்டு வருமானால் அது வீட்டில் வரட்டும். இறக்கையை மூடுவதற்கு முன்பே ஒரு கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

பெல்கிராங்கிலிருந்து இறக்கை நுனி வழியாக வெளியே வரும் இரண்டு கம்பிகளுக்கு லீட்அவுட் என்று பெயர். அவை வெளியேறும் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்தும்படி ஒரு சிறு காடி வைத்து அமையுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளி எடை மையத்துக்கு சுமார் 2 செ.மீ. பின்னால் இருக்கும்படி ஆரம்பியுங்கள். பறக்கும்போது காற்று கம்பிகளைப் பின்னுக்கு வளைக்கிறது, அதனால்தான் இந்தப் பின்தள்ளல்.

பெல்கிராங்கிலிருந்து புஷ்ராடு ஃபிளாப்புக்குப் போகும், ஃபிளாப்பிலிருந்து இன்னொன்று எலிவேட்டருக்கு. எலிவேட்டர் மேலே போனால் ஃபிளாப் கீழே இறங்க வேண்டும், அப்போதுதான் திருப்பத்தில் இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசை கிடைத்து வளைவு இறுகும். இரண்டும் பக்கத்துக்கு 30 பாகை அளவில், ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அசையட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். கீல்களைப் பொருத்தி முடித்ததும் சோதனை இதுதான்: விமானத்தைக் கையில் பிடித்து மூக்கை மேலும் கீழும் சாய்த்தால் எலிவேட்டரும் ஃபிளாப்பும் தம் எடையாலேயே தொய்ந்து அசைய வேண்டும். எங்காவது நின்று நின்று போனால் தேடிக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் புஷ்ராடு ஒரு ரிப்பின் ஓட்டையில் உரசும், இல்லையென்றால் இடது வலது கீல்கள் ஒரே கோட்டில் இருக்காது. எண்ணெய் விட்டு ஒப்பேற்றாதீர்கள். அதேபோலக் கையில் அசைத்தால் ஆட்டமும் இருக்கக்கூடாது, ஓட்டைகள் கம்பிக்குச் சரியாக இருக்க வேண்டும். இங்கே இரண்டு முழு நாள் போனாலும் பரவாயில்லை.

உடல், வால்

இதில் சொல்ல அதிகம் இல்லை. மூக்கின் இரு பக்கமும் இறக்கைக்குப் பின்னால் வரை 3 மி.மீ. பிளைவுட். வால் 6 மி.மீ. லேசான பால்சா, 55க்கு 13 செ.மீ., அதில் பாதி எலிவேட்டர். ஃபிளாப் கீலிலிருந்து எலிவேட்டர் கீல் வரை 38 முதல் 40 செ.மீ. இறக்கையும் வாலும் மோட்டாரின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக, பூஜ்யப் பாகையில். மோட்டாரை மட்டும் வாஷர் வைத்து ஒன்றரைப் பாகை வெளிப்பக்கம், அதாவது வலப்பக்கம், திருப்புங்கள், கம்பி எப்போதும் விறைப்பாக இருக்க அது உதவும். செங்குத்துச் சுக்கானின் பின்முனையையும் துளி வலப்பக்கம் திருப்பலாம், அதிகம் வேண்டாம். ஒட்டும்போது மூலமட்டம் வையுங்கள், இறக்கை நுனியிலிருந்து வால் நுனிக்கு இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளங்கள். உள் இறக்கை நீளம் அதிகம் என்பதை நினைவில் வைத்து, இரு பக்கமும் உடலிலிருந்து ஒரே தூரத்தில் புள்ளி வைத்து அங்கிருந்து அளக்க வேண்டும்.

மேல்மூடலுக்கு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிம் சுலபம். ஏப்ரல் மே வெயிலில் காருக்குள் வைத்த விமானத்தில் அது தொய்ந்துவிடும், அடர்ந்த நிறமாக இருந்தால் இன்னும் மோசம், ஆகவே மேலே வெள்ளை மஞ்சள் மாதிரி வெளிர் நிறம், கீழே அடர் பட்டைகள். மேலும் கீழும் வேறு மாதிரி இருந்தால் தலைகீழாகப் போகும்போது உங்களுக்கும் குழப்பம் வராது. சீலர் அடிப்பதானால் இரண்டு கோட்டோடு நிறுத்துங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் தராசில் ஏற்றுங்கள்.

முடிந்ததும் பேட்டரியோடு எடை மையம் பாருங்கள்: முன் விளிம்பிலிருந்து 5 முதல் 5.5 செ.மீ. தள்ளி, இரு விரலில் தாங்கினால் சமமாக நிற்க வேண்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி அதைக் கொண்டுவாருங்கள்.

கம்பியும் கைப்பிடியும்

0.38 மி.மீ. தடிமனுள்ள, பல இழை முறுக்கிய எஃகுக் கம்பி. கண்ட்ரோல் லைனுக்கென்றே விற்பதை வாங்குங்கள், மீன்பிடிக் கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பூசிய கம்பி வேண்டாம். முனையை ஒரு சிறு செப்பு வளையத்தில் சுற்றி மடக்கி, மெல்லிய செப்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். கொலுசுப் பட்டறைக்காரர் பார்த்தால் ‘பத்து நிமிஷம் இருங்க, பத்த வெச்சுக் குடுத்துடறேன்’ என்பார், அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், சூடு பட்டால் எஃகின் வலு போய்விடும், அறுவது அந்த இடத்தில்தான்.

இரண்டு கம்பியும் ஒரே நீளம் என்பதை ஓர் ஆணியில் இரண்டையும் மாட்டி இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். மேலே ஏற்றும் கம்பியின் இரு முனையிலும் சிவப்பு பெயிண்ட். கைப்பிடியில் கம்பிகளுக்கு நடுவே 9, 10 செ.மீ. இடைவெளி. மணிக்கட்டில் மாட்டும் பாதுகாப்பு வார் இல்லாமல் பறக்கவே கூடாது, போட்டியில் அது கட்டாயம். பயன்படுத்திய பிறகு துணியால் துடைத்து அகன்ற உருளையில் சுற்றுங்கள். ஒருமுறை மடங்கிய கம்பியை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தாதீர்கள், அது குப்பைக்கு.

மைதானம்

வட்டத்தின் ஆரம் 20 மீட்டர், வேடிக்கை பார்ப்பவர்கள் நடுவிலிருந்து 30 மீட்டருக்கு வெளியே. ஆக 60 மீட்டர் சதுரம் வேண்டும், ஒரு கால்பந்து மைதானம் போதும். கோடையில் வற்றிய ஏரித் தரை நன்றாக இருக்கும், நெருஞ்சி முள்ளைப் பொறுக்கிவிட்டு. பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காமலாபுரம் விமான நிலையப் பக்கம் போகவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மேலே பாருங்கள். மேட்டூரிலிருந்து உயரழுத்தக் கம்பிகள் ஓமலூர், மேச்சேரி பக்கமெல்லாம் வயல்களுக்கு மேலே போகின்றன. உங்கள் கையிலிருப்பது இரண்டு உலோகக் கம்பி. தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும். மின்கம்பி எதுவானாலும் வட்டத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. கோடை மழைக்கு முன் தூரத்தில் இடி கேட்டாலும் அதே கணம் இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

நேரம் காலை ஆறிலிருந்து எட்டு. ஆடிக் காற்றில் புதியவர்கள் பறக்க வேண்டாம், அந்த மாதத்தில் அடுத்த விமானத்துக்கு ரிப் வெட்டலாம்.

முதல் பறப்பு

புரொப்பெல்லரை மாட்டுவதற்கு முன் கைப்பிடியைப் பிடித்து, மேல் கம்பியை இழுத்தால் எலிவேட்டர் மேலே போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும், எத்தனை வருடம் ஆனாலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், விமானம் உங்கள் முன்னால், துணைக்கு வந்தவர் பின்னாலிருந்து பிடித்திருக்கட்டும். நீங்கள் கை காட்டியதும் அவர் விட வேண்டும், தள்ளக்கூடாது. டைமரை முதல் நாள் இரண்டு நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். தலை சுற்றும். விமானத்தையே பாருங்கள், பின்னால் ஓடும் மரங்களைப் பார்த்தால்தான் சுற்றல் அதிகமாகும். மணிக்கட்டை ஆட்டாமல் முழங்கையை நேராக வைத்துக் கையோடு ஏற்றி இறக்கிப் பழகுங்கள், புதியவர்கள் விழுவது அதிகமாகத் திருத்துவதால்தான்.

பறந்ததும் நோய் பார்க்க வேண்டும். நேராகப் போகச் சொன்னால் அலை அலையாகப் போனால் வால் கனம், பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். திரும்பவே மாட்டேன் என்றால் மூக்கு கனம். திருப்பங்களில் வெளி இறக்கை கீழே தொங்கினால் நுனி ஈயம் அதிகம், ஐந்து ஐந்து கிராமாக எடுங்கள், இது நடுவில் நிற்கிற உங்களுக்குத் தெரியாது, வட்டத்துக்கு வெளியே ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நேராகப் பறக்கும்போது வெளி இறக்கை தாழ்ந்து, தலைகீழாகப் போகும்போது அதே இறக்கை உயர்ந்தால் முறுக்கு, ஒரு பக்க ஃபிளாப்பைச் சிறிதே வளைத்துச் சரிசெய்யலாம். இரண்டு நிலையிலும் அதே இறக்கை தாழ்ந்தால் எடைதான் காரணம். தலைக்கு மேலே கம்பி தொய்ந்தால் லீட்அவுட்டைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம், நோட்டில் எழுதிக்கொண்டு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

பேட்டர்ன்

எஃப்2பி வரிசை இது: புறப்பாடு, தலைக்கு மேல் குறுக்கே போய்த் தலைகீழாக வந்து திரும்பும் ரிவர்ஸ் விங்ஓவர், மூன்று உள் லூப் (எலிவேட்டரை மேலே ஏற்றிப் போடுவது), இரண்டு சுற்று தலைகீழ், மூன்று வெளி லூப் (எலிவேட்டரைக் கீழே இறக்கிப் போடுவது), உள் சதுரம் இரண்டு, வெளிச் சதுரம் இரண்டு, முக்கோணம் இரண்டு, படுத்த எட்டு, சதுர எட்டு, நின்ற எட்டு, உடுக்கை மாதிரி ஓர் உருவம், தலைக்கு மேல் எட்டு, நான்கிலை க்ளோவர், இறக்கம். மொத்தம் 7 நிமிடத்துக்குள். நேர்ப் பறப்பும் உருவங்களின் அடியும் தரையிலிருந்து 1.5 மீட்டர், லூப்பின் உச்சி 45 பாகை, நம் கம்பி நீளத்துக்கு அது சுமார் 13 மீட்டர் உயரம். நடுவர்கள் உருவத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டு, கடினத்துக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், வட்டங்களைவிடச் சதுரத்துக்கும் முக்கோணத்துக்கும் அந்த எண் பெரியது.

பழகும் வரிசை வேறு. முதலில் ஏற்றம் இறக்கம், பிறகு விங்ஓவர், பிறகு ஒற்றை உள் லூப், அதுவும் உயரத்தில். தலைகீழ்தான் எல்லோரையும் தடுக்கும் சுவர், கண்ட்ரோல் மாறித் தெரியும். ஒரு குச்சியில் சின்ன அட்டை விமானத்தைக் குத்தி, இன்னொரு கையில் கைப்பிடியைப் பிடித்து வீட்டில் நின்றுகொண்டே சுழன்று பழகுங்கள், வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. உள் லூப் போட்டால் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும், மூன்று முறுக்குக்குப் பயப்பட வேண்டியதில்லை, துடைத்த கம்பி வழுக்கிக்கொண்டே வேலை செய்யும், வெளி லூப் மூன்று போட்டதும் அது பிரிந்துவிடும்.

ஏற்காட்டில் பறக்க ஆசைப்படுபவர்களுக்கு

20 கொண்டை ஊசி வளைவுகளில் விமானம் டிக்கியில் உருளாமல் இருக்க அதைக் கட்டி வைப்பது ஒரு வேலை என்றால், மேலே சமதரை தேடுவது அடுத்த வேலை. மூன்றாவது, காற்று. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில், ஏற்காடு 1500க்கு மேல். மலையின் குளிரைக் கணக்கில் சேர்த்தாலும் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட சுமார் பத்து சதவீதம் குறைவு. கவர்னர் சுழற்சியைப் பிடித்து வைப்பதால் வேகம் பெரிதாக மாறாது, பேட்டரிகூடக் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் இறக்கையின் தூக்குவிசை குறையும். உங்கள் 1150 கிராம் விமானம் 1280 கிராம் விமானம் மாதிரி நடந்துகொள்ளும், மூலைகள் அகலும், 1.5 மீட்டரில் முடிய வேண்டிய லூப் புல்லைத் தொடும். சுழற்சியை 200, 300 கூட்டி, முதல் பறப்பில் எல்லா உருவத்தையும் ஒரு ஆள் உயரம் மேலே தள்ளிப் போடுங்கள். மூடுபனி இறங்கினால் நிறுத்துங்கள், 18 மீட்டர் தூரத்தில் விமானம் மங்க ஆரம்பித்தாலே தாமதம்தான்.

பேட்டரி பற்றி ஒன்று விட்டுவிட்டேன். 2500 எம்ஏஎச்சில் 2000க்கு மேல் உறிஞ்சாதபடி டைமரை வையுங்கள், நம் விமானத்துக்கு அது ஐந்தரை நிமிடம் அளவில் வரும், திருப்பி ஏற்றும்போது சார்ஜர் காட்டும் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அடுத்த வாரம் வரை பறக்கப் போவதில்லை என்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் இறக்கி, மண் சட்டிக்குள் வையுங்கள்.